பின்பக்கமாக வந்தால் கத்தாது

பெரம்பலூர், 14-9-1948

ஜானகி, இந்த அகால வேளையில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். கல்லூரி விடுதியில் இந்த நோட்டை நீ என் கையில் திணித்தபோது, தினமும் விளக்கு வைப்பதற்கு முன் ஒரு பக்கம் எழுதுவேன், நிரம்பியதும் உனக்கே அனுப்புவேன் என்று வாக்குக் கொடுத்தேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை; வாக்குக் கொடுப்பது சுலபமாக இருந்தது. நோட்டு டிரங்குப் பெட்டியின் அடியிலேயே கிடந்துவிட்டது. இப்போது பிள்ளை தூங்கினால்தான் நான் மனுஷி. பிள்ளை தூங்க வேண்டுமென்றால் அந்தப் பெட்டி வாயை மூட வேண்டும். அது இப்போதுதான் மூடியது.

எந்தப் பெட்டி என்று கேட்பாய்.

என் வீட்டுக்காரரை நீ கல்யாணத்தில் பார்த்தாய். "மாப்பிள்ளை பேசவே மாட்டாரா?" என்று காதில் கேட்டாய். பர்மா எல்லையில் பட்டாளத்துத் தந்திப் பிரிவில் இருந்தவர். காதில் குழாயை மாட்டிக்கொண்டு, ஆகாயத்தில் வரும் விட்டுவிட்டு ஒலிக்கும் சத்தத்தை எழுத்தாக மாற்றுகிற வேலை. திரும்பி வந்தபோது பேச்சு குறைந்துவிட்டது. கல்யாணம் செய்தால் சரியாகும் என்று எனக்குக் கட்டிவைத்தார்கள். ஆகவில்லை. ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகும் என்றார்கள். பிறந்தான், ஆகவில்லை. ஆக, நானும் ஒரு வைத்தியம்தான் ஜானகி. பலிக்காத வைத்தியம்.

தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை வாங்கிக் கொடுத்தார்கள். நாலு நாள் போனார், விட்டுவிட்டார். ஏன் என்றால் "அங்க ஒரே சத்தம், பஞ்சு" என்கிறார். தாலுகா ஆபீசில் சத்தமா! அங்கே எல்லோரும் தூங்குகிறார்கள்.

சத்தம் பிடிக்காத இந்த மனிதர்தான் நெல்மூட்டை அடுக்கும் அறையில் ஒரு தேயிலைப் பெட்டிக்குள் பழைய ரேடியோ வால்வுகளை நட்டு வைத்திருக்கிறார். மேலே நெட்டுக்குத்தாக ஒரு செம்புக் கம்பி. அதைத் தொட வேண்டியதில்லை. கிட்டத்தில் கையைக் கொண்டுபோனால் ஊளையிடுகிறது. இன்னும் கிட்டப் போனால் கிறீச்சென்று ஏறுகிறது. கையை எடுத்தால் இறங்குகிறது. காற்றில் கையை அசைத்து அசைத்து மணிக்கணக்காக நிற்கிறார்.

இது சங்கீதமாம்.

17-9-48

கைக்கு மட்டும் கத்தினால் பொறுத்துக்கொள்ளலாம். எது கிட்டப் போனாலும் கத்துகிறது. இன்று காலையில் கோழி போயிற்று, கத்தியது. பிறகு வீட்டு வேலைக்கு வரும் காத்தாயி துடைப்பத்தோடு கூட்டப் போனாள். அது போட்ட கூச்சலில் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்துவிட்டாள்.

"நான் கூட்ட மாட்டேம்மா. அது என்னயப் பாத்துத்தான் கத்துது."

"உன்னய மட்டுமில்ல காத்தாயி. எல்லாரையும் பாத்துக் கத்தும்."

"எல்லாரையும் பாத்து கத்தட்டும், எனக்கென்ன. என் பங்குக்கு நான் கேட்டுக்கிட்டேன்ல, போதும்."

நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். பெட்டியின் பின்பக்கம் மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தகடாக அடித்திருக்கிறார். அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போகிறது. அந்தத் தகட்டின் பக்கமாகச் சுவரை ஒட்டி நடந்தால் பெட்டிக்கு ஆள் வருவதே தெரிவதில்லை. காபியை அந்த வழியாகத்தான் கொண்டுபோகிறேன். முன்பக்கமாகப் போனால் கத்தும், கத்தினால் பிள்ளை எழுந்துகொள்ளும், பிள்ளை எழுந்தால் நான் கத்துவேன். பி.ஏ. படித்ததற்கு, புருஷனுக்குத் திருட்டுத்தனமாகக் காபி கொண்டுபோகும் வித்தை கைவந்திருக்கிறது.

பெட்டியை ஓட்டுகிற பேட்டரிதான் எனக்குப் பயம். உள்ளே திராவகம். பையன் தவழ்கிறான், பார்த்ததையெல்லாம் வாயில் வைக்கிறான். "வேலை இல்லாத நேரத்துல அது இந்த வூட்டுல இருக்கக் கூடாது" என்று ஒரே பிடியாக நின்றேன். இப்போது பஸ் ஷெட்டில்தான் இருக்கிறது. டிரைவர் செல்லப்பன் சார்ஜ் ஏற்றி, வேண்டும்போது கொண்டுவந்து கொடுக்கிறான்.

21-9-48

பெரியவர் இன்று முடிவு சொல்லிவிட்டார்.

பெரியவர் என்றால் இவருடைய அண்ணன், அய்யம்பெருமாள். நிலம், வீடு, எல்லாம் அவர் பொறுப்பு. தம்பி மனைவியோடு நேரே பேசக்கூடாது என்பது இந்த வீட்டு வழக்கம். அவர் என்னிடம் சொல்ல வேண்டியதைப் பிள்ளையிடம் சொல்வார். பிள்ளைக்கு இன்னும் ஒரு வயது நிறையவில்லை. அவன் பாட்டுக்கு விரலைச் சப்பிக்கொண்டிருப்பான். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

"டேய் பயலே, உங்கம்மாட்ட சொல்லு. ஊருல என்னென்னமோ பேசுறானுவ. குணசீலத்துக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு மண்டலம் வச்சிருந்தா தெளிஞ்சிரும்ங்கிறாங்க. அதுவரைக்கும் நீயும் உங்கம்மாவும் பாடாலூருல, அம்மாயி வூட்டுல இருங்க."

குணசீலம். புத்தி பேதலித்தவர்களைக் கொண்டுபோய் வைக்கிற கோயில். தெரியாதவளா நான்? அங்கே போய் வந்தவர் என்ற பெயர் ஒருமுறை விழுந்தால் போகுமா? நாளைக்கு இந்தப் பிள்ளையை ஊர் என்ன சொல்லிக் கூப்பிடும்?

அவர் "டேய் பயலே" என்று கூப்பிடுவதற்கும் காரணம் இருக்கிறது. பிள்ளைக்கு என் வீட்டுக்காரர் வைத்த பெயர் சாமிக்கண்ணு. இந்த வம்சத்தில் யாருக்கும் அந்தப் பெயர் கிடையாது. பாட்டன் பெயரை வைக்காமல் எவன் பெயரையோ வைத்துவிட்டான் என்று பெரியவருக்குக் கோபம். பெயர் சூட்டிய அன்றிலிருந்து அதை ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. யார் பெயர் என்று நான் கேட்டேன். "நல்ல பேருதானே" என்றார் இவர். அவ்வளவுதான் பதில்.

24-9-48

பிள்ளை இன்று முதல் வார்த்தை சொன்னான். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் "அம்மா" என்கின்றன. என் பிள்ளை "ஊஊஊய்" என்றான். கீழிருந்து மேலே. கையைத் தூக்கிக்கொண்டு.

27-9-48

நன்றாயிருக்கிறது கூத்து!

ஓரகத்தி ரத்தினம்மாள் அக்காவின் சித்தப்பா, அரியலூர் மிராசுதார் அமிர்தலிங்கம், இன்று வந்திருந்தார். அவர் வீட்டு ரேடியோ வாயைத் திறக்கவில்லை என்று இவரிடம் கொண்டுவந்தார். ரேடியோவை இவர் சரிசெய்து கொடுத்தார். மனிதர் சும்மா போகாமல் மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்து "அது என்ன மாப்ள?" என்று கேட்டுவிட்டார். இவருக்கு அது போதாதா? காட்டினார்.

"தொடாம வாசிக்கிறதா! அட! எங்க பள்ளிக்கூடத்துல நவராத்திரிக்கு வயலின்காரர் வரேன்னாரு, காய்ச்சல்னு காயிதம் போட்டுட்டாரு. நீங்க வந்துருங்க மாப்ள. அரியலூரே அசந்து போவட்டும்."

இவர் தலையை ஆட்டினார். யாரைக் கேட்டு ஆட்டினார்?

மிராசுதார் போனதும் பெரியவர் கூடத்துக்கு நடுவில் நின்று பிள்ளையிடம் சொன்னார்:

"டேய் பயலே, உங்கப்பன் போவட்டும். நான் தடுக்கல. ஊரு உக்காந்து கேட்டா, நானும் வாயப் பொத்திக்கிறேன். ஊரு சிரிச்சா, விடிஞ்சதும் குணசீலம். உங்கம்மாட்ட சொல்லிரு."

பிள்ளை "ஊஊஊய்" என்றான்.

30-9-48

சண்டை. சண்டை என்று சொல்லக்கூட முடியவில்லை. சண்டை போட எதிராளி வேண்டுமே.

"ஒரே ஒரு கீர்த்தனை வாசிச்சிருங்க. நான் பாடிக் காட்டுறேன், அதே மாதிரி கைய ஏத்தி எறக்குங்க. ஜனங்க கும்பிட்டுட்டுப் போயிருவாங்க. அப்பறம் உங்க இஷ்டம்."

"அதுக்கு வயலின் இருக்கு பஞ்சு."

"அப்ப இது எதுக்கு இருக்கு?"

யோசித்தார். என்னவோ நான் பரீட்சைக் கேள்வி கேட்டதுபோல.

"நான் ஒரு சத்தத்தத் தேடிக்கிட்டு இருக்கேன்."

"கெடச்சுதா?"

"இல்ல. கிட்டத்துல வருது. மேல இருந்து எறங்கணும். கையால எறக்குனா கை எறக்குன மாதிரியே இருக்கு. அது தானா எறங்கணும்."

"கெடச்சா?"

"கெடச்சா நிறுத்திருவேன்."

நான் அழுதேனா, சிரித்தேனா? தெரியவில்லை. ஒரு மனிதர் தன் பெயரும் பெண்டாட்டி பிள்ளையும் எங்கே போய் நிற்கப்போகின்றன என்று தெரிந்தும், ஒரு கீர்த்தனை வாசிக்கமாட்டேன் என்கிறார். இது பைத்தியம் இல்லை என்று நான் யாரிடம் போய் வாதாடுவேன்? எனக்கே இன்று சந்தேகம் வந்துவிட்டது. எழுதிவிட்டேன். அடிக்கப் போவதில்லை. இருக்கட்டும்.

4-10-48

ரத்தினம்மாள் அக்கா கூடத்தில் ஒரு துணி மூட்டை கட்டிவைத்திருக்கிறாள். இரண்டு வேட்டி, ஒரு துண்டு, ஒரு செம்பு. குணசீலத்துக்கு.

"கட்டி வச்சிருக்கேனே தவிர வேண்டிக்கிட்டுத்தான் இருக்கேன்டி" என்றாள். "உங்க பெரிய மாமா ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல. தம்பி பட்டாளத்துக்குப் போனப்ப கையெழுத்துப் போட்டு அனுப்புனது அவருதான. அத நெனச்சு நெனச்சுப் பொலம்புறாரு."

எனக்கு அது தெரியாது. பெரியவருக்கும் தூக்கம் கெடும் என்று நான் நினைத்ததே இல்லை.

10-10-48, அரியலூர்

நடந்தது நேற்று. மிராசுதார் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

மத்தியானம் பஸ்ஸில் வந்தோம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இவர். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான். முன் வரிசையில் பெரியவரும் அக்காவும். பேட்டரியைச் செல்லப்பன் தன் காலடியில் வைத்திருந்தான். முந்தின நாள் பெய்த மழையில் சாலையெல்லாம் சேறு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் இவர் பெட்டியைக் கட்டிப்பிடித்தார். பிள்ளையை ஒருநாள் அப்படிப் பிடித்திருப்பாரா?

பள்ளிக்கூடக் கொட்டகை நிறைந்திருந்தது. ஒரு பக்கம் கொலு, இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்கு, இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் நாங்கள். இவர் மேடையில் நின்று பேட்டரியை இணைத்தார். கண்ணை மூடினார். கையைத் தூக்கினார்.

முதலில் தாழ்ந்த சத்தம். வெட்டவெளியில் தந்திக் கம்பத்தில் காதை வைத்தால் கேட்குமே, அது. பிறகு தூரத்தில் ரயில் வளைவில் திரும்புவதுபோல. பிறகு எதுபோலவும் இல்லை. எனக்கு அதையெல்லாம் வீட்டில் கேட்டுக் கேட்டு மனப்பாடம். ஜனங்களுக்கு?

ஆண்கள் பக்கத்து ஓரத்தில் ஒரு கிழவர், பக்கத்திலிருந்தவரிடம், "இவரு எப்பத் தொடங்குவாரு? இன்னும் சுதி சேத்துக்கிட்டே இருக்காரே?" என்றார்.

"அதுல சேராது போலருக்கு. பெட்டி புதுசு."

பின்னால் ஒருத்தி: "பாவம், காத்துல மாவு பெசையறாரு."

பிள்ளைகள் மட்டும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தன. பெரியவர் முதல் வரிசையில் நேராக உட்கார்ந்திருந்தார். அவருடைய முதுகை மட்டும்தான் பார்க்க முடிந்தது. யாராவது சிரிக்கிறார்களா என்று அந்த முதுகு கேட்டுக்கொண்டிருந்தது. சிரிக்கவில்லை. முணுமுணுத்தார்கள், கொட்டாவி விட்டார்கள், சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், கடவுளே, இப்படியே முடிந்துவிட்டால் போதும் என்று இருந்தேன்.

அப்போதுதான் மிராசுதார் எழுந்தார்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? வித்துவான் பாதி வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஊர்ப் பெரியவர் மேடையேறிச் சால்வை போர்த்துவார். வாசிப்பவர் வாசிப்பை விடாமல் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வார். எந்தக் கச்சேரியிலும் நடப்பது. இந்த ஒரு கச்சேரியில் நடக்கக் கூடாது என்று எங்களில் ஒருவருக்கும், எனக்கும்கூட, தோன்றவில்லை! ஒரு கோழி நடந்தால் கத்துகிற பெட்டி அது. மிராசுதார் ஆறடி ஆள். சரிகைச் சால்வையை இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்துக்கொண்டு, நேர் முன்பக்கமாக.

அலறியது.

திடுக்கிட்டுப் பின்வாங்கினார். பெட்டி "ஊம்..." என்று இறங்கியது. சுதாரித்துக்கொண்டு மறுபடி முன்னால் போனார். மறுபடி அலறியது. பின்னால் ஓரடி, இறங்கியது. கோபம் வந்து வேகமாக எட்டுவைத்தார். அது போட்ட கூச்சலில் கொலுப் பொம்மை அதிர்ந்தது.

கொட்டகை முழுவதும் வெடித்துச் சிரித்தது ஜானகி. அரியலூரில் அமிர்தலிங்கத்தைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. பல வருஷத்துச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தார்கள். ஒருவன் "ஐயாவைக் கண்டா பெட்டிக்கே நடுக்கம்டோய்!" என்றான். மிராசுதார் முகம் கறுத்துவிட்டது. பெரியவர் எழுந்துவிட்டார். "நிறுத்துடா! போதும்டா!" அவர் குரல் உடைந்துபோயிருந்தது.

இவர் கண்ணையே திறக்கவில்லை.

நான் எப்படி எழுந்தேன் என்று தெரியாது. பிள்ளை இடுப்பில். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்து மேடைக்குப் போவதா? போனேன். சுவரை ஒட்டி, கொலுவைச் சுற்றி, தகட்டுப் பக்கமாக. தினமும் காபி டம்ளரோடு போகிற வழிதானே! பெட்டி என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. அங்கிருந்து கூப்பிட்டேன்:

"சித்தப்பா, இப்படிச் சுத்தி வாங்க. பின்பக்கமா வந்தா கத்தாது."

அவர் முறைத்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நான் வந்த வழியிலேயே, சுவரோரமாக, பக்கவாட்டில் நடந்து வந்தார். பெட்டி கத்தவில்லை. சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லோரும் அது கத்துமா கத்தாதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பின்னால் நின்று சால்வையை இவர் தோளில் போட்டார். சத்தம் ஒரே நிலையில், ஒரு மயிரிழை அசையாமல் நின்றது.

பிறகு இறங்க ஆரம்பித்தது.

இவர் கையை அசைக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கை அப்படியே இருந்தது. சத்தம் மட்டும் தானாக, மெல்ல, யாரோ கிணற்றுக்குள் இறங்கிப் போவதுபோல, இறங்கி இறங்கி, மெலிந்து, ஒரு இடத்தில் நடுங்கி, நின்றுவிட்டது. விளக்குகள் இரைவது மட்டும் கேட்டது. ஒருவரும் அசையவில்லை. எப்பத் தொடங்குவார் என்று கேட்ட அந்தக் கிழவர்கூட.

இவர் மண்டியிட்டுப் பெட்டியின்மேல் காதை வைத்தார்.

"சாமிக்கண்ணு" என்றார். "சாமிக்கண்ணு, திருப்பிச் சொல்லு."

எல்லோரும் என் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தார்கள். ஆனால் இவர் பிள்ளையைப் பார்க்கவில்லை.

11-10-48, அரியலூர்

செல்லப்பன் காலையில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. கச்சேரிக்கு மொத நாளு ராத்திரி, கடைசி டிரிப்புக்கு பஸ்ஸுல லைட்டு எரியல. உங்க பேட்டரிய எடுத்துப் போட்டுட்டேன். திருப்பிச் சார்ஜ் ஏத்த நேரமில்ல. பாதியிலயே உசுரு போயிருச்சாமே?"

அவனை என்ன சொல்வது? பேட்டரி செத்ததால்தான் சத்தம் தானாக இறங்கியிருக்கிறது. என் வீட்டுக்காரர் இத்தனை நாளாகக் கையால் தேடியதை, செல்லப்பன் பஸ் விளக்கை எரித்து வரவழைத்திருக்கிறான்.

மிராசுதார் காபி குடிக்கும்போது மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்: "ஏம் மாப்ள, அது வேற யாரையும் பாத்து அப்படிக் கத்தலல்ல? என்னையப் பாத்து மட்டும்தான?"

கோழியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. தை மாதம் தன் மகள் கல்யாணத்துக்குப் பெட்டியைக் கொண்டுவர வேண்டுமாம். ஐயோ.

பெரியவர் ஊருக்குத் திரும்ப பஸ் எப்போது என்று செல்லப்பனைக் கேட்டார். ஊர் சிரித்தது; அவர் சொன்ன சொல் இருக்கிறது. மூட்டை வீட்டில் தயாராக இருக்கிறது.

13-10-48, பெரம்பலூர்

இன்று இவர் பேசினார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, இலையைப் பார்த்துக்கொண்டு.

சாமிக்கண்ணு, உடையார்பாளையத்துப் பக்கத்துக்காரன். இவரோடு சேர்ந்து தந்தி பழகியவன். இவரை அடிவாரத்தில் வைத்தார்கள், அவனை மலைமேல். பார்க்க முடியாது. சத்தம் மட்டும்தான். ஒவ்வொரு தந்திப் பெட்டிக்கும் ஒரு குரல் உண்டாம். ஆயிரம் குரலில் அவன் குரலை இவர் கண்டுபிடித்துவிடுவாராம். மழைக்காலம். மேலே பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது; கேட்டு அனுப்பியும் ஆள் ஏற முடியவில்லை. ஒருநாள் அவன் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே குரல் இறங்க ஆரம்பித்தது. இறங்கி இறங்கி...

"திருப்பிச் சொல்லு, திருப்பிச் சொல்லுன்னு தட்டிக்கிட்டே இருந்தேன் பஞ்சு. பதில் இல்ல. பேட்டரிதான் போச்சுன்னு நெனச்சேன். மலைக்கு ஆளு போயிப் பாத்தப்பத்தான் தெரிஞ்சுது, ரெண்டும் போச்சுன்னு."

ரசம் ஊற்றக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றேன். கூடத்தில், கதவுக்கு அந்தப் பக்கம், பெரியவர் நின்றிருந்தார். இதுவரை நான் கதவுக்குப் பின்னால் நின்று அவர் பேச்சைக் கேட்டிருக்கிறேன். இன்று அவர்.

14-10-48

மூட்டையைக் காணவில்லை. அக்கா வேட்டிகளைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள்.

20-10-48

இவர் தானாகச் சட்டையை மாட்டிக்கொண்டு, தானாக பஸ் ஏறி உடையார்பாளையம் போய் வந்தார். ஜானகி, பட்டாளத்திலிருந்து வந்த பிறகு இந்த மனிதர் தனியாக ஊரைத் தாண்டியதில்லை. போன நேரம் முழுவதும் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன். பஸ்ஸில் சத்தம் கேட்டு நடுவழியில் இறங்கிவிட்டால்? ஆற்றில் தண்ணீர் வந்திருந்தால்?

இருட்டுவதற்குள் வந்துவிட்டார். "போயிட்டு வந்துட்டேன்" என்றார். "சத்தமா இருந்துச்சா?" என்று கேட்டேன். "இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டார்.

25-10-48

சாமிக்கண்ணுவின் மனைவி சிந்தாமணி வந்திருந்தாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். தம்பியோடு வந்தாள். மடியில் கட்டிக்கொண்டு வந்த கடலையைப் பிள்ளையின் முன்னால் அவிழ்த்து வைத்தாள். பெயரைக் கேட்டாள். நான் சொல்லவில்லை, இவர் சொன்னார். அவள் அவனையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காயிதம் வந்துச்சுங்க. இங்கிலீசுல. படிச்சுச் சொன்னவரு, செத்துட்டாருன்னு மட்டும்தான் போட்டுருக்குன்னாரு. கடசியா என்ன சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியும்னீங்களே?"

"வார்த்த இல்லம்மா. எல்லாம் எண்ணுதான். ரகசியமா அனுப்புறது. அதுவும் பாதியில நின்னுருச்சு."

"அப்ப எனக்குன்னு ஒண்ணும் சொல்லலியா?"

இவர் சிதறிய கடலையைப் பிள்ளை பக்கம் தள்ளினார். எனக்கு இவரை உலுக்க வேண்டும்போல் இருந்தது. பொய்யாவது சொல்லக் கூடாதா? சிந்தாமணி உன் பெயரைச் சொன்னான் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஒரு கீர்த்தனை வாசிக்கமாட்டார், ஒரு பொய் சொல்லமாட்டார்!

"சத்தம் எறங்குச்சு. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்படி எறங்குச்சு?"

வாயால் செய்து காட்டப் பார்த்தார். வரவில்லை. தரையில் கடலை பொறுக்கிக்கொண்டிருந்த பிள்ளை, தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, கையைத் தூக்கி "ஊஊஊய்" என்றான்.

"அப்படி இல்லடா. எறங்கணும்" என்றார் இவர், பெரிய மனிதனிடம் சொல்வதுபோல.

சிந்தாமணி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்: "நான் அதக் கேக்கணும். அவரு கடசியா போட்ட சத்தம், எனக்கில்லாம யாருக்கு? கார்த்திகைக்கு வரேன். கேக்க வைங்க."

29-10-48

பழைய பேட்டரி ஒரேயடியாகப் போய்விட்டது. செல்லப்பன் குற்றத்துக்குப் பரிகாரமாக ஒன்று கொண்டுவந்தான், முழுசாகச் சார்ஜ் ஏற்றி, பொட்டு வைத்து. இவர் போட்டுப் பார்த்தார். அது இறங்குகிற வழியாகவே இல்லை. எரியவிட்டுத் தீர்க்கலாமே என்றேன். அது எப்போது தீரும், அந்த நேரத்துக்குச் சிந்தாமணி இங்கே இருப்பாளா என்கிறார். நல்ல பேட்டரி வேண்டாமாம். சாகிற தறுவாயில் ஒன்று வேண்டுமாம்.

நேற்று முழுவதும் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பெரம்பலூரில் ஒரு பஸ் ஷெட்டு, ஒரு ரைஸ்மில் விடாமல் ஏறி இறங்கி, "செத்துக்கிட்டு இருக்கிற பேட்டரி ஒண்ணு கெடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார். செல்லப்பன் ஷெட்டில், "என்னங்க, தம்பிக்குத் தெளிஞ்சு அண்ணனுக்கு வந்திருச்சா?" என்று சிரித்தார்களாம். அவர் அடுத்த ஷெட்டுக்கு நடந்திருக்கிறார்.

இன்று சாயங்காலம் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். நான் கதவுக்குப் பின்னால். பிள்ளை அவர் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"சாமிக்கண்ணு," என்றார்.

முதல்முறையாக. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"சாமிக்கண்ணு, உங்கம்மாட்ட சொல்லு. இந்த ஊருல ஒண்ணும் ஆவல. திருச்சியில உங்கம்மாவுக்கு ஒரு சிநேகிதி இருக்காளாமே. அங்க பெரிய பெரிய ஷெட்டெல்லாம் இருக்கு. ஒரு வார்த்த எழுதிக் கேக்கச் சொல்லு."

ஆகவே ஜானகி, நோட்டு பாதிதான் நிரம்பியிருக்கிறது. இருந்தாலும் செல்லப்பன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். முதலிலிருந்து படி, இல்லாவிட்டால் நான் கேட்பது உனக்குப் புரியாது. தீரப்போகிற பேட்டரி ஒன்று. முழுசாகத் தீர்ந்தது வேண்டாம், நல்லதும் வேண்டாம். கேட்கிற இடத்தில் உன்னைப் பைத்தியம் என்பார்கள். பரவாயில்லை, இங்கே நாங்கள் எல்லோரும் அப்படித்தான்.

கார்த்திகைக்கு அதிக நாள் இல்லை. கிடைக்கும், கிடைக்காது, எதுவானாலும் சீக்கிரம் பதில் எழுது.